பிள்ளையார் கையில் புல்பப்

இளவழகன் எனக்குத் தரவேண்டியது நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். கைமாத்தாக வாங்கின காசு இல்லை. போன வருஷம் எங்கள் தெருப் பிள்ளையாரைப் பாக்கி வைத்து ஏற்றிக்கொண்டு போனான். "நம்ம தெருப் பசங்க முதலாளி, நான் ஜவாப்" என்று நான் வேலை செய்கிற சிலைப் பட்டறையில் வாயை விட்டது நான். பட்டறைக்காரர் ரங்கநாதன் நல்ல மனுஷன்தான். ஆனால் கணக்கு என்றால் கறார். தீபாவளி வரைக்கும் என் கூலியில் பிடித்து, பாக்கியை நேர் பண்ணிக்கொண்டார்.

அதிலிருந்து இளவழகன் என்னைக் கண்டால் ஒளிவான். அவன் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவன். செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் நான் டீ குடித்துக்கொண்டு நின்றால், நேராக வந்துகொண்டிருக்கிற அந்த வண்டி திடீரென்று ரிவர்ஸ் எடுக்கும். என் பெண்சாதி ரஞ்சிதம் அந்தக் காசுக்கு ஒரு மிக்சி பார்த்து வைத்திருந்தாள். மிக்சிக்கடை வழியாகப் போகும்போதெல்லாம் இளவழகன் பேரைச் சொல்லி ஒரு தரம் திட்டிவிட்டுத்தான் தாண்டுவாள்.

அப்படிப்பட்டவன் இந்த ஆவணியில் தானாகவே பட்டறைக்குள் வந்து நின்றான். வண்டியை வேறு எனக்கு நேராக நிறுத்தினான்.

எங்கள் பட்டறை திண்டிவனம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. பிள்ளையார் சதுர்த்திக்குச் சிலை செய்கிறோம். பழைய பேப்பரை ஊறவைத்து, மரவள்ளி மாவும் சாக்பீஸ் மாவும் போட்டு, காலால் மிதித்துக் கூழாக்குகிறது என் வேலை. அச்சில் அப்புவதும், முகம் திருத்துவதும், கண் திறப்பதும் முதலாளி. வருஷக்கணக்காக மிதித்து என் முட்டி இரண்டும் கழண்டுவிட்டது போல இருக்கிறது. அன்றைக்கும் தொட்டியில் மிதித்துக்கொண்டுதான் நின்றேன்.

"அண்ணே, கோவப்படாத. உன் காசு வந்துனே இருக்குது."

"எங்கடா வருது? அவலூர்பேட்ட தாண்டிடுச்சா?"

"இந்த வாட்டி கமாண்டோ பிள்ளையார்ண்ணே. தோ பாரு." செல்போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினான்.

படத்தில் கலைமதி. ரஞ்சிதத்தின் அண்ணன் மகள். எங்கள் தெருவிலிருந்து மத்திய போலீஸ் படைக்குப் போன முதல் ஆள். வடக்கே எங்கேயோ காட்டுப் பக்கம் வேலை. மார்புக்குக் குறுக்கே ஒரு துப்பாக்கி மாட்டியிருந்தாள். கறுப்பாக, கட்டை குட்டையாக, பார்த்தால் ஏதோ மிஷினைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி.

"இதுக்குப் பேரு புல்பப்பாம். மேல் வலது கையில அங்குசம் இருக்குது இல்ல, அத எடுத்துட்டு இதக் குடுத்துடு. கலைமதி லீவுல வருது. பாத்ததும் அப்படியே ஷாக் ஆவணும். நாலு ஊரு ஜனம் செல்பி எடுக்க வரும், உண்டியல் ரொம்பும். மொதப் பணம் உனக்குத்தான்ண்ணே. பிள்ளையார் மேல சத்தியம்."

"எந்தப் பிள்ளையார் மேல? போன வருஷம் பாக்கி வெச்சியே, அந்தப் பிள்ளையார் மேலயா?"

முதலாளி கல்லாவிலிருந்தபடியே சொன்னார்: "முழுப் பணமும் கைக்கு வரணும். அப்புறம் அங்க ஒட்டியிருக்கிறத வீராசாமிய வுட்டுப் படிக்கச் சொல்லு."

தூணில் போலீஸ் ஸ்டேஷன் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நான் தொட்டியை விட்டு இறங்காமலே படித்தேன். பீடத்தோடு சேர்த்துப் பத்தடிக்கு மேல் கூடாது. சிலையில் உள்ள எந்தப் பொருளும் அந்த உயரத்தைத் தாண்டக் கூடாது. தண்ணீரில் கரையாத பொருளைக் கரைக்கும் முன் கழற்றிவிட வேண்டும்.

"அளந்து வேணாம்னுட்டாங்கன்னா பணம் வாபஸ் கெடையாது. தெருவுக்கு இந்த வருஷம் பிள்ளையாரும் கெடையாது. சம்மதம்னா சொல்லு" என்றார் முதலாளி. "அதுவும் துப்பாக்கிக்கு எங்கிட்ட அச்சு இல்ல. கையாலதான் புடிக்கணும், எனக்கு நேரமில்ல. வீராசாமி, நீ செய்யறியா?"

வாயில் வந்துவிட்டது: "செய்யறேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. காலால் மிதிக்கிறவன் நான். கையால் ஒரு உருப்படி செய்து பார்த்ததில்லை.

தெருவில் வீட்டுக்கு வீடு வசூல் பண்ணி, முழுப் பணத்தையும் கொண்டுவந்து கட்டிவிட்டான் இளவழகன். கூலிக்குப் போகிறவர்கள் கொடுத்த காசு. இனிமேல் பின்வாங்க வழியில்லை.

அந்தப் படத்தை நான் பத்து நாள் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒரு சந்தேகம். துப்பாக்கி என்று நான் நேரில் தொட்டுப் பார்த்தது ராஜகிரிக் கோட்டை உச்சியில் கிடக்கிற பீரங்கி ஒன்றைத்தான். மற்றபடி டிவியில் பார்த்தது. அதிலெல்லாம் விரலால் இழுக்கிற விசை பின்னால் இருக்கும், குண்டுப் பெட்டி விசைக்கு முன்னால் தொங்கும். இதில் பெட்டி விசைக்குப் பின்னால், முழங்கைக்குக் கிட்டே இருந்தது. எங்கள் தொழிலில் அச்சுக்குள் பார்த்தால் எல்லாம் திருப்பித்தான் தெரியும். இடது காது வலதில் இருக்கும், தும்பிக்கை மாறி வளைந்திருக்கும். அதை மனசுக்குள் திருப்பிப் போட்டுத்தான் நாங்கள் வேலை செய்வோம். இந்தப் படமும் அப்படித் திரும்பி விழுந்ததுதான் என்று முடிவு கட்டினேன். பெட்டியை எடுத்து முன்னால் வைத்தேன். பின்னால் காலியாகிவிட்டதே என்று, தோளில் முட்டுக் கொடுக்கிற கட்டை ஒன்றை நீளமாகச் சேர்த்தேன். குழலுக்கு ரெண்டு முழம் எலக்ட்ரிக் பைப். சுற்றிக் கூழ் அப்பி, மேலே ஏணிப்படி மாதிரி பல்லு பல்லாக வெட்டினேன், அது படத்தில் இருந்தது. கறுப்பு பெயிண்டு அடித்து வெயிலில் வைத்தபோது, முதலாளியே எட்டிப் பார்த்து "பரவால்லியே" என்றார். அன்றைக்கு ராத்திரி முட்டி வலிகூடத் தெரியவில்லை.

சதுர்த்திக்கு முதல் நாள் காலையில் அதைப் பிள்ளையார் கையில் ஏற்றினோம். மேல் வலது கை, காதுக்குப் பக்கத்தில் தூக்கின கை. பிடியை உள்ளங்கையில் வைத்துக் கூழால் பூட்டினேன். குழல் மேல்நோக்கி நின்றது. நான் ஏணியிலிருந்து இறங்கி நாலு எட்டு பின்னால் வந்து பார்த்தேன். கம்பீரம் என்றால் அப்படி ஒரு கம்பீரம்.

"படக்" என்று ஒரு சத்தம்.

மணிக்கட்டில் விரிசல். கட்டை, பெட்டி, பைப்பு என்று எல்லா பாரமும் பிடிக்கு மேலேயும் கீழேயும் இழுத்துக்கொண்டு ஆட, துப்பாக்கி முன்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் ஒரு சவுக்குக் கழியை முட்டுக் கொடுத்தேன். முதலாளி டேப்பை எடுத்துவந்து அளந்தார். பிள்ளையார் கிரீடம் ஒன்பதே காலடியில் நின்றது. துப்பாக்கி முனை பத்தே முக்காலடி.

"நாலு மணிக்கு ஏட்டு வர்றார்" என்றார். டேப்பைச் சுருட்டினார். 

இளவழகன் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டான். "அண்ணே, பைப்ப ஒரு முழம் வெட்டிட்டா மேட்டர் ஓவர்."

"டேய், அப்படியும் மணிக்கட்டு தாங்காதுடா."

"தாங்கும்ண்ணே. நீ தள்ளு."

"யாருடா அது, என் துப்பாக்கிய வெட்டறது?"

வாசலில் கலைமதி. முதுகில் மூட்டை மாதிரி ஒரு பை, கையில் இன்னொரு பை. பஸ்ஸை விட்டு இறங்கினவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறாள். ரஞ்சிதம் போனில் உளறிவிட்டாள் போலிருக்கிறது. இளவழகன் ஏணியிலேயே அட்டென்ஷனில் நின்றான்.

கலைமதி அண்ணாந்து பார்த்தாள். பார்த்தபடியே பையைக் கீழே வைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வர வர நிறுத்தவேயில்லை.

"மாமா, இன்னா மாமா இது? எங்க ஆபீசர் பாத்தார்னா மயக்கம் போட்டுடுவார். பெட்டிய யாரு முன்னால வெச்சது?"

"படம் திரும்பி இருந்துச்சும்மா. நாந்தான் நேராக்கினேன்."

"அது நேராத்தான் இருந்துச்சு மாமா! அந்தத் துப்பாக்கியே அப்படித்தான். அதான் புல்பப்."

அவள் ஒரு சவுக்குக் குச்சியை எடுத்துத் தரையில் கிறுக்கினாள். நானும் முதலாளியும் குனிந்தோம். இளவழகன் ஏணியிலிருந்தே குனிந்தான்.

"சாதாரணத் துப்பாக்கியில தோள்ல வெக்கிற கட்டை இருக்குது பாருங்க, அது சும்மா கட்டை. உள்ள ஒண்ணும் கெடையாது. வெடிக்கிற எடம், குண்டுப் பெட்டி எல்லாம் விசைக்கு முன்னால. அதுக்கும் முன்னாலதான் குழலே ஆரம்பிக்கும். புல்பப்ல அந்தக் கட்டை எடத்தையே வீணாக்கல. வெடிக்கிற எடத்த அதுக்குள்ள தூக்கி வெச்சுட்டாங்க. குழல் நம்ம கன்னத்துக்குக் கீழயே ஆரம்பிச்சுடும். குழல் நீளம் அதே நீளம், ஒரு விரக்கடகூடக் கொறையாது. ஆனா மொத்தத் துப்பாக்கி கட்ட குட்ட."

"ஏன், குழல வெட்டிட்டா இன்னா?" என்றான் இளவழகன் ரம்பத்தை விடாமல்.

"வெட்டினா குண்டுக்கு வேகம் கொறையும், குறியும் போவும். குழல் நீளம் வேணும், துப்பாக்கி குட்டையா வேணும், ரெண்டும் வேணும்னுதான் மண்டைய ஒடைச்சு இத செஞ்சிருக்காங்க. நீ இன்னாடான்னா ரம்பத்த எடுத்துனு வர்ற. ஜீப்புல இருந்து குதிக்கும்போது நீளத் துப்பாக்கி கதவுல மாட்டும். ராஜகிரி படியில அந்தக் குறுகின வாசல் இருக்குது இல்ல, அதுல நீளமா ஒண்ண வெச்சுனு சட்டுனு திரும்பிப் பாரு, செவுத்துல இடிக்கும். இது இடிக்காது."

எனக்குள் ஏதோ மெதுவாகத் திறந்தது. "அப்ப பாரம்?"

"பாரம் பூரா பிடிக்குப் பின்னால மாமா. அதனால ஒத்தக் கையில தூக்கி நிறுத்திடலாம். ஒரு கையில துப்பாக்கி, இன்னொரு கையில கதவு தொறக்கலாம்."

நான் பிள்ளையாரைப் பார்த்தேன். ஒத்தைக் கை. குழல் மேலே. அப்படியானால் பிடிக்குப் பின்னால் இருக்கிறதெல்லாம் கீழே தொங்கும். முன்னங்கையை ஒட்டித் தொங்கும். கையே அதற்கு முட்டு! முனையும் கீழே இறங்கும்!

"வெட்ட வேணாம்!" என்று நான் கத்தின கத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது. "பைப்ப வெட்ட வேணாம்! பின்னால தள்ளினாப் போதும்!"

அப்புறம் நடந்தது எனக்கே கனவு மாதிரி இருக்கிறது. துப்பாக்கியை இறக்கினோம். நீளக் கட்டையை நானே உடைத்து எறிந்தேன். பைப்பை உருவி, பிடிக்குக் கீழே அரை முழத்துக்குக் கொஞ்சம் கூடவே போகும்படி பின்னால் தள்ளினேன். அதைச் சுற்றிப் புதுக் கூழால் தடியாக உடம்பு பிடித்தேன். கலைமதி பக்கத்தில் உட்கார்ந்து கை காட்டிக்கொண்டே வந்தாள்.

"பெட்டி இங்க, பிடிக்குப் பின்னால. கொஞ்சம் வளைவா. பெட்டி மாத்தறதுதான் மாமா கஷ்டம், கக்கத்துக்குள்ள கைய விட்டுத் துழாவற மாதிரி இருக்கும். எனக்குப் பழகறதுக்கே நாளாச்சு."

"விசை முன்னால, வெடிக்கிற எடம் பின்னால. அப்ப விசைய இழுத்தா எப்படி வெடிக்கும்?" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதக் கேளு! உள்ள நீளமா ஒரு கம்பி ஓடுது. சைக்கிள் பிரேக் இங்க புடிச்சா அங்க வேலை செய்யுது இல்ல, அந்த மாதிரி. அதனாலதான் பழைய புல்பப்ல விசை கொஞ்சம் மெத்து மெத்துன்னு இருக்கும்னு சொல்வாங்க. இப்ப வர்றது பரவால்ல. உடம்பும் இரும்பு கெடையாது, கெட்டிப் பிளாஸ்டிக்."

"மேல இந்த ஏணிப்படி?"

"அது கரெக்டா செஞ்சிருக்க மாமா! குறி பாக்கற கண்ணாடிய அதுலதான் மாட்டணும். செகப்பா ஒரு புள்ளி தெரியும், அத ஆள் மேல வெச்சா போதும்."

கடைசியாகக் காலித் தோட்டா வெளியே தெறிக்கிற ஓட்டை. நான் பிள்ளையார் காதுப் பக்கமாகக் குடையப் போனேன். கலைமதி என் கையைப் பிடித்துவிட்டாள். "ஐயோ, அந்தப் பக்கம் இல்ல! வெடிக்கிற எடம் கன்னத்துக்கிட்ட இருக்கிறதால தோட்டா மூஞ்சிப் பக்கமே தெறிக்கும். சூடு தாங்காது. எடது கைக்காரங்களுக்கு இதான் பிரச்சன. புதுசுல பக்கத்த மாத்திக்கிற மாதிரி வெச்சிருக்காங்க. நீ வலது பக்கம் போடு."

"அதான, இல்லன்னா பிள்ளையார் காது பொசுங்கிடும்" என்றான் இளவழகன். முதலாளி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மணிக்கட்டு விரிசலில் துணியும் கூழும் வைத்துக் கட்டி, டேபிள் ஃபேனை ஏணி மேல் ஏற்றிக் காய வைத்தோம். ஈரம் முழுசாகக் காயவில்லை. வேறு வழியில்லாமல் துப்பாக்கியை ஏற்றினேன். பிடி உள்ளங்கையில் உட்கார்ந்தது. பின்பக்கம் முன்னங்கையோடு ஒட்டி, தோள்வளைக்கு மேலே பொருந்தி நின்றது. முட்டுக் கொடுத்த சவுக்குக் கழியை மெதுவாக எடுத்தேன். 

ஒரு சத்தமும் இல்லை. அசையவில்லை.

நாலு மணிக்கு ஏட்டய்யா வந்தார். கூட ஒரு போலீஸ்காரர், கையில் மூங்கில். பத்தடி இருக்கிற இடத்தில் சிவப்புத் துணி கட்டின மூங்கில். அதைப் பீடத்துக்குப் பக்கத்தில் நட்டு நிறுத்தினார்கள். ஏட்டய்யா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கீழேயிருந்து பார்க்க முனையும் துணியும் ஒன்றாகத்தான் தெரிந்தது. இளவழகன் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏணிய போடு" என்றார் ஏட்டய்யா. தானே ஏறினார். மூங்கிலை முனையோடு ஒட்டிவைத்து, நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தார்.

"ரெண்டு விரல் எறக்கமா இருக்குது. போவலாம்."

கொட்டகையே கத்தியது. இளவழகன் என்னை இடுப்போடு தூக்கிச் சுற்றினான். என் முட்டி இடித்து சாக்பீஸ் மாவு மூட்டை கவிழ்ந்தது.

ஏட்டய்யா இறங்கவில்லை. துப்பாக்கியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருய்யா இத செஞ்சது? பெட்டிய பின்னால வெச்சிருக்க?"

"புல்பப் சார்!" என்றோம் நாலு பேரும் ஒரே குரலில்.

"சரி சரி, காது கேக்குது. உள்ள பைப்பு இருக்குது போல. கரைக்கறதுக்கு முன்னால துப்பாக்கியக் கழட்டிடணும். ஏரியில போட்டீங்க, ஃபைன்."

மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் நடக்க இடமில்லை. வல்லத்திலிருந்து, சீயமங்கலத்திலிருந்து எல்லாம் பைக் போட்டு வந்தார்கள். கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள்கூட ஆட்டோ பிடித்து வந்தார்கள். பிள்ளையார் பக்கத்தில் கலைமதியை நிறுத்தி செல்பி எடுக்க வரிசை. அவள் ஒவ்வொருத்தருக்கும் குழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டினாள். இரண்டாம் நாள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்புறம் நான் காட்டினேன். "கட்டைக்குள்ள சும்மா இருந்த எடத்த வீணாக்காம..." என்று நான் ஆரம்பித்தால், காலேஜ் பசங்க போனை என் பக்கம் திருப்பினார்கள்.

உண்டியல் ரொம்பியது. மூன்றாம் நாள் காலையில் இளவழகனைப் பிடித்தேன்.

"அண்ணே..." என்று தலையைச் சொறிந்தான். "மைக்செட்டு, லைட்டு, சுண்டல், டிராக்டர் வாடகை. எல்லாம் போய்டுச்சுண்ணே. ஒரு பத்து நாள் டைம் குடு."

"பிள்ளையார் மேல சத்தியம் பண்ணியேடா!"

"அவருதாண்ணே செலவு வெச்சுட்டார்."

ரஞ்சிதம் காதில் விழுந்துவிட்டது. அவள் திட்டினதை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் ஏரிக்கரை. கரைப்பதற்கு முன்னால் பிள்ளையாரின் குடை, மாலை, லட்டு எல்லாவற்றையும் ஏலம் விடுவது எங்கள் தெரு வழக்கம். அந்தப் பணம் அடுத்த வருஷத்துக்கு. ஏலம் எடுத்தவன் அங்கேயே பணம் வைக்க வேண்டும். மைக்கைப் பிடித்தது இளவழகன். குடை போயிற்று. லட்டு போயிற்று. நான் ஏணி போட்டு ஏறி, கூழை நனைத்து நனைத்துத் துப்பாக்கியைக் கழற்றினேன். அலுங்காமல் கழன்று வந்தது. மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். இத்தனை வருஷம் நான் மிதித்தது அத்தனையும் ஏரியிலும் கடலிலும் கரைந்துபோயிருக்கிறது. ஒரு கையளவு மிச்சமில்லை. கரையக் கூடாது என்று போலீசே சொன்னது இந்த ஒன்றைத்தான்.

"அடுத்தது புல்பப்!" என்றான் இளவழகன். "யார்ரா கேக்கறது?"

"ரெண்டாயிரம்" என்றான் செல்போன் கடைக்காரன். கடை வாசலில் மாட்டப் போகிறானாம். செல்பி எடுக்க வருகிறவனெல்லாம் டெம்பர் கிளாஸ் வாங்குவானாம்.

டிராக்டர்காரர் மூவாயிரம் என்றார். கடைக்காரன் நாலாயிரம் என்றான். டிராக்டர்காரர் கையை விரித்தார்.

"நாலாயிரம் ஒரு தரம்..."

துப்பாக்கி என் கையில்தான் இருந்தது. பாரம் பூரா பின்னால், முன்னங்கையில் குழந்தை மாதிரி கிடந்தது. 

"நாலாயிரம் ரெண்டு தரம்..."

"நாலாயிரத்து அறநூத்தி அம்பது!"

மேளம்கூட நின்றுவிட்டது. ரஞ்சிதம் கூட்டத்தில் இருந்து, "யோவ், உன் பாக்கெட்டுல இருபது ரூபா இருக்குதுய்யா!" என்று அலறினாள்.

"என் பாக்கெட்டுல இல்ல" என்றேன். "மைக்கு புடிச்சுனு நிக்கிறானே, அவன் பாக்கெட்டுல இருக்குது. தெருவுக்காக நான் கட்டின காசு. அதுல கழிச்சுக்கோ."

முதலில் சிரித்தது கலைமதி. கட்டின தொண்டையோடு விசில் அடித்தாள். பிறகு ஏரிக்கரையே சிரித்தது. செல்போன் கடைக்காரன் ஐயாயிரம் என்று சொல்ல வாயைத் திறந்தான். என் கையையும் துப்பாக்கியையும் பார்த்தான். "எடுத்துனு போண்ணே. கடைக்கு வந்து நீயே கதை சொல்லிட்டுப் போ, அது போதும்" என்று ஒதுங்கிக்கொண்டான்.

இளவழகன் மைக்கை வாய்க்கிட்டே வைத்தான். "நாலாயிரத்து அறநூத்தி அம்பது... வீராசாமி அண்ணன்... ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

மேளம் அடித்தது. பிள்ளையார் தண்ணீரில் இறங்கினார். காது போயிற்று, தும்பிக்கை போயிற்று, அந்த ஒத்தைக் கை கடைசியாகப் போயிற்று. நான் துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

ரஞ்சிதம் பக்கத்தில் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, துப்பாக்கியைத்தான் மேலும் கீழும் பார்த்தாள். "நாளைக்குச் சட்னிய இதுலயே அரைச்சுக் குடு" என்றாள். ஆனால் குழலில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள்.

திரும்பும்போது இளவழகன் குட்டியானையை எங்களுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, முன் கதவைத் திறந்துவிட்டான். ரஞ்சிதம் நடுவில், நான் ஓரத்தில், மடியில் துப்பாக்கி. கதவை இழுத்தேன். இடிக்காமல் சாத்திக்கொண்டது.

"இப்ப உனக்கும் எனக்கும் இன்னாண்ணே கணக்கு?" என்றான்.

"ஒண்ணுமில்லடா, ஓட்டு" என்றேன்.